முகத்தைத் திருப்பிய சம்பந்தி

தென்காசி ரயிலடியில், பட்டப்பகலில், ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தில்லைநாயகம் பிள்ளை தம்முடைய சம்பந்தியை ‘வாங்க’ என்று கேட்கவில்லை.

வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால், மனுஷன் ஏதோ யோசனையில் இருந்திருப்பார் என்று விட்டுவிடலாம். தில்லைநாயகம் பிள்ளையை அப்படி விட முடியாது. வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பதில் அந்தச் சீமையிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சன்னதித் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், பந்தல்கால் நட்ட கையோடு வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். “வாசலுக்கு நீங்கதான் நிக்கணும் அண்ணாச்சி!” அவரும் சலவை வேட்டியும் ஜரிகை அங்கவஸ்திரமுமாகச் சந்தனக் கிண்ணத்தோடு போய் நிற்பார். “வாங்க ஆழ்வார்குறிச்சி மாமா, முட்டுவலி தேவலையா? வாங்க மைனி, கடயத்திலே மழை எப்படி?” என்று நானூறு பேர் வந்தாலும் நானூறு முகத்துக்கும் ஊரும் உறவும் தப்பாது. பதினோரு வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து தாடியோடு வந்த ஒருவரைப் பெற்ற தாயே யோசித்துக்கொண்டு நிற்க, பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார் என்பது ஊரில் இன்னும் பேசுகிற கதை.

அப்படிப்பட்டவர் சொந்தச் சம்பந்தியைக் கேட்கவில்லை.

ஈஸ்வர வருஷம் ஆடி மாதம். மேற்கே மலை தெரியாமல் மேகம் மூடிச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. பிள்ளையின் கடைசி மகள் நாச்சியாருக்குச் செங்கோட்டை மிளகு வியாபாரி சிவசைலம் பிள்ளையின் மகனை நிச்சயம் செய்து, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். கல்யாணத்துக்குச் சொல்லியிருந்த பத்தமடைப் பாய் பார்சலில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதை எடுக்கத்தான் பிள்ளை அன்று ரயிலடிக்குப் போனார். அப்போது வந்து நின்ற வண்டியில், திருநெல்வேலியில் ஜவுளி பார்த்துவிட்டு, குற்றாலத்தில் பத்து நாள் தங்கிக் குளிக்கலாம் என்று சிவசைலம் பிள்ளை வந்து இறங்கினார்.

சம்பந்தியைக் கண்டதும் சிவசைலம் பிள்ளை இரண்டு கை தூரத்தில் வந்து நின்றார். வாய் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. யாருடைய ஊரோ அவர் முதலில் ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். வந்தவர் அதற்குப் பிறகுதான் சௌக்கியம் விசாரிக்கலாம். அதிலும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் முந்திக்கொண்டு பேசினால் மதிப்பு என்ன ஆவது? ஆகவே சிரித்த முகத்தோடு காத்து நின்றார்.

தில்லைநாயகம் பிள்ளையும் அவரை நேருக்கு நேராகப் பார்த்தார். அங்கவஸ்திரம் தெரிந்தது. குடை தெரிந்தது. இரண்டு கையும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்தது போல ஒரு சாம்பல் தடம். யாரோ வெளியூர்க்காரர், ஜட்கா வண்டி எங்கே நிற்கும் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தார். ஆள் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் அவர் கையிலிருந்து வெள்ளிப் பொடி டப்பி நழுவிக் கீழே விழுந்தது. விழுந்த இடம் பிள்ளைக்குப் பளிச்சென்று தெரிந்தது. குனிந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டுப் பார்சல் ஆபீசைப் பார்க்க நடந்தார்.

*

மறுநாள் காலையில் ஜட்கா ஓட்டுகிற தளவாய் வந்து முற்றத்தில் நின்ற நிலையிலேயே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்தது. தளவாய்க்கு ஐம்பது வயது. குதிரையிடம் பேசுகிற சத்தத்தில்தான் மனிதர்களிடமும் பேசுவார். இன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணாச்சி, செங்கோட்டையாளை நேத்து நான்தான் குத்தாலத்துக்கு ஏத்திட்டுப் போனேன். மூணு மைலும் உங்க பேச்சுதான்.”

“யாரு? நம்ம சம்பந்தியா? வந்திருக்காரா?” என்றார் பிள்ளை. “எங்க வந்து இறங்கினாராம்?”

தளவாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, வெளையாடுதியளா? ரயிலடியிலே மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு பாத்துட்டு, வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம, டப்பியை எடுத்துக் குடுத்து ‘பாத்துப் போங்க’ன்னு சொன்னியளாமே! அதைச் சொல்லிச் சொல்லி மனுசன் வண்டியிலே குதிச்சாரு. அவரு குதிக்க, குதிரை பயந்து ஓட, கடிவாளத்தை இழுத்து இழுத்து எனக்குக் கை ஒடிஞ்சு போச்சு.”

பிள்ளைக்கு அந்த அங்கவஸ்திரமும் குடையும் நினைவுக்கு வந்தன.

அடுக்களை வாசலில் வந்து நின்ற அவர் மனைவி முத்துவடிவு, “என்ன சொல்லுதாரு தளவாய்?” என்றாள்.

“ஆவணி முகூர்த்தத்தை மறந்துரச் சொல்லுன்னாரு ஆச்சி. வாங்கன்னு கேக்காத வீட்டிலே பொண்ணெடுக்க மாட்டேன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயி, மாத்தின தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பப் போறாராம். கோவக்காரரு ஆச்சி. புது வீடு கட்டுதாருல்லா, வாசல் நிலை கோணலா இருக்குன்னு மூணு ஆசாரியை விரட்டிட்டாரு. நாலாவது ஆசாரி நூல் பிடிச்சுக் காட்டுதான், ‘உன் நூலே கோணல்’ங்காரு. அவருகிட்ட யாரு பேச?”

தளவாய் போன பிறகு முத்துவடிவு கணவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நிசத்தைச் சொல்லுங்க. என்ன நடந்துது?”

பிள்ளை சொன்னார். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார். போன வருஷம் ஆடியில் இதே ரயிலடியில் நின்றபோது தண்டவாளம் ஓரிடத்தில் மட்டும், முட்டை விழுங்கிய பாம்பு மாதிரி புடைத்து வளைந்து தெரிந்தது. பதறிப்போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னார். இரண்டு ஆள் இரும்புக் கோலோடு போய்த் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். அதற்குப் பிறகு படிக்கிற எழுத்தில் நடுநடுவே ஓட்டை விழுந்தது. அப்புறம் முகங்கள். கண்ணில் புரை விழுகிறது, எல்லாருக்கும் வருவதுதானே, நன்றாக முத்தட்டும், மதுரைக்குப் போய் வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அதுவரையில் குரலையும் இருமலையும் நடையையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். கடைசியாக நின்ற இரண்டு கல்யாணத்தில், வந்தவர்கள் வாய்ப்பேச்சுக்காரர்களாக இருந்ததால் தப்பித்தார். சம்பந்திதான் வாயைத் திறக்கவில்லையே!

“ரசத்துக்கும் மோருக்கும் நீங்க தடுமாறும்போதே நெனச்சேன்” என்றாள் முத்துவடிவு. “சரி, இதையே போய்ச் சொல்லிருங்க. கண்ணு தெரியலை, மன்னிச்சுக்கிடுங்கன்னு.”

“சொன்னா? கண்ணவிஞ்ச குடும்பம், நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு அதுக்கே நிறுத்திட்டாருன்னா?”

முத்துவடிவு, “அந்த டப்பி உங்களுக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“தெரிஞ்சுது.”

“இத்தினியூண்டு டப்பி. அது தெரிஞ்சுது. அம்புட்டுப் பெரிய மூஞ்சி தெரியலை.”

“ஆமா.”

“நாப்பது வருசமா உங்க கூட இருக்கேன். என்னாலயே நம்ப முடியலையே. அவரு எப்படி நம்புவாரு?”

பிள்ளைக்கே அது விளங்காமல்தான் இருந்தது. முற்றத்து மூலையில் மேயும் கோழி தெரிகிறது. எறும்புச் சாரை தெரிகிறது. இவள் முகம் தெரியவில்லை. புத்தி பேதலித்துவிட்டதோ என்று கூடச் சில நாள் பயந்திருக்கிறார்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த நாச்சியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அழுதிருக்கிறாளா என்று பிள்ளையால் பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

“அப்பா, குத்தாலத்துக்குச் சீசனுக்குப் பெரிய பெரிய டாக்டர்லாம் வருவாகளே. கண் டாக்டர் யாராவது வந்திருப்பாக. முதல்ல அவுக என்ன சொல்லுதாகன்னு கேளுங்க. அப்புறம் மாமாகிட்டப் பேசலாம்.”

இன்னும் அவள் ‘மாமா’ என்றுதான் சொன்னாள். அதைக் கேட்டதும் பிள்ளை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தளவாயைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

*

சென்னைப் பட்டணத்தில் முப்பது வருஷம் கண் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் காந்திமதிநாதன், ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு பங்களாவை எடுத்துத் தங்கியிருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு அருவிக்குப் புறப்படத் தயாராக இருந்தவரை, தளவாய் வாசலிலேயே மறித்துவிட்டார்.

“எண்ணெய் காயறதுக்குள்ளே முடிச்சிருவோம், வாரும்” என்று டாக்டர் பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

ஜன்னலுக்கு எதிரில் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கம்பிகளைப் பார்க்கச் சொன்னார். நடுக்கம்பி வளைந்தது. மறு கண்ணாலும் வளைந்தது. நடுவில் கொஞ்ச இடம் காணாமலே போனது. டாக்டர் எழுந்து வந்து இரண்டு கை தூரத்தில் நின்றார்.

“என் மூக்கைப் பாரும். மூக்கு தெரியுதா?”

“மூக்கும் தெரியலை, மூஞ்சியும் தெரியலை.”

“இப்ப என்னைப் பாக்காதேயும். எனக்கு வலத்தே அந்தச் சுவர்க் கடியாரம் இருக்கே, அதைப் பாரும். பார்வையை அங்கேயே வச்சுக்கிட்டு, என் முகம் எப்படி இருக்குன்னு சொல்லும்.”

பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் அழிந்து போயிற்று. அதற்குப் பதிலாக, கண்ணின் ஓரத்தில், கொஞ்சம் மங்கலாக, நரைத்த மீசையும் எண்ணெய் வழிகிற நெற்றியுமாக ஒரு முகம் வந்து நின்றது.

“மீசை!” என்று கத்தினார் பிள்ளை. “மீசை வச்சிருக்கிய!”

“நாப்பது வருசமா வச்சிருக்கேன்” என்றார் டாக்டர்.

பிறகு சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் காக்க வைத்து, கதவு ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு இருட்டாக்கி, நடுவில் துவாரமுள்ள சின்னக் கண்ணாடியால் விளக்கு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பி வெகு நேரம் பார்த்தார். எண்ணெய் காய்ந்தே போயிற்று.

“புரை பேருக்குத்தான் இருக்கு, பிள்ளைவாள். உம்ம வயசுக்கு அது இருக்கும். தொந்தரவு அதனாலே இல்லை. கண்ணுக்குப் பின்சுவரிலே ஒரு திரை இருக்கு. பாக்குற பொருள் அதிலேதான் விழும். உம்ம வீட்டு அம்மியிலே முதல்ல எந்த இடம் தேயும்?”

“நடு.”

“அதே கதைதான். திரையிலே நடு இடம்தான் எழுத்துப் படிக்கும், முகம் பாக்கும், ஊசி கோக்கும். அது வயசாலே தேஞ்சு போச்சு. ஓரம் நல்லா இருக்கு. அதனாலேதான் நீர் முட்டாம நடக்குதீர், காலடியிலே கிடக்குறதை எடுக்குதீர்.”

பிள்ளை அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். தம் புத்தியில் கோளாறில்லை என்பதே அவருக்குப் பாதி வைத்தியமாக இருந்தது.

“எப்ப வெட்டலாம் டாக்டர்?”

“வெட்டுறதுக்கு ஒண்ணுமில்லை. மருந்தும் இல்லை. இருக்குன்னு எவனாவது ஊசியைத் தூக்கிட்டு வந்தா, வாசலோட அனுப்பிரும். இருக்குற ஓரத்தையும் கெடுத்துருவான். ஆனா ஒண்ணு சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கிடும். நடு இன்னும் கொஞ்சம் போகலாம். ஆனா இந்த வியாதியாலே முழு இருட்டு வராது. கடைசி வரைக்கும் நீர் தனியா அருவிக்குப் போய்க் குளிச்சுட்டு வரலாம்.”

“பிள்ளைகளுக்கு வருமா?”

“வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் அறுபதுக்கு மேலே. அதுக்குள்ளே மருந்து கண்டுபிடிச்சிருவான். சுருட்டுப் பிடிப்பீரோ?”

பிள்ளை மடியைத் தொட்டுக்கொண்டார்.

“அதை இன்னைக்கே அருவியிலே விட்டுரும். புகையிலை கண்ணுக்கு ஆகாது. கீரை சாப்பிடும், நல்லது செய்யுதோ இல்லையோ, கெடுதல் செய்யாது. படிக்கணும்னா உருப்பெருக்கிக் கண்ணாடி ஒண்ணு எழுதித் தாரேன், வெயில் தோளுக்குப் பின்னாலேருந்து காகிதத்திலே விழற மாதிரி உக்காரும். வெள்ளிக்கு வெள்ளி ஒவ்வொரு கண்ணாப் பொத்தி ஜன்னல் கம்பியைப் பாரும். திடீர்னு வளைசல் அதிகமானா எனக்குக் கடுதாசி போடும். இதை எல்லாம் விட முக்கியம், இந்த ஓரப் பார்வையைப் பழகணும். ஒரு வருசமா இது உமக்குத் தானாத் தட்டுப்படலையா?”

பிள்ளை யோசித்தார். எப்படித் தட்டுப்படும்? எதிரில் வந்தவரை நேராகப் பார்க்கத்தான் சின்ன வயசிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். வந்தவர் முன்னால் முகத்தைத் திருப்பினால் உறவே முறிந்துபோகும். அறுபத்துநாலு வருஷம் காப்பாற்றிய மரியாதைதான் அவர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு முழுக்கக் கண்ணு கூசும். எதுவா இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்கிடும்” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

மறுநாள் விடிந்ததும் பிள்ளை காபியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைச் சுவரில் தொங்கிய சல்லடையைப் பார்த்தார். அதன் பக்கத்தில் முத்துவடிவின் முகம் தெரிந்தது. மூக்குத்தி, அதற்குக் கீழே வெற்றிலை ஏறிய உதடு. எட்டு மாதமாகக் காணாத முகம்.

“ஏன் சல்லடையைப் பாத்துச் சிரிக்கிதிய?” என்றாள் முத்துவடிவு.

“சல்லடையைப் பாக்கலைட்டி. உன்னையத்தான் பாக்குதேன்” என்றார் பிள்ளை.

*

சிவசைலம் பிள்ளை எடுத்திருந்த வீட்டில் விசாரித்தபோது, பெரிய அருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். தளவாய் வண்டியை நிறுத்திவிட்டு, “கூட வரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளை தனியாக நடந்தார்.

அருவிக்கரைக்கு வந்ததும்தான் மோசம் தெரிந்தது. இருநூறு ஆம்பிளைகள், இருநூறு பேரும் கோவணமும் துண்டும் எண்ணெயுமாக ஒரே நிறம். அங்கவஸ்திரம் கிடையாது, குடை கிடையாது. குரலை வைத்து அடையாளம் பார்க்கலாம் என்றால் அருவி இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. ஒரு வருஷமாகக் கைகொடுத்த உபாயம் எதுவும் அங்கே செல்லாது. நேற்றுக் கற்றது ஒன்றுதான் மிச்சம்.

பிள்ளை ஈரப் பாறையைப் பார்த்தபடி, கூட்டத்தை ஓரத்தில் விட்டு மெதுவாக நடந்தார். ஒவ்வொரு முகமாக வந்து வந்து போயிற்று. யார் யாரோ. ஒரு சப்பட்டைக் கல்லில் ஒருவர் குப்புறப் படுத்திருக்க, ஒரு ஆள் அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். படுத்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். அடர்ந்த புருவம், காதில் சிவப்புக் கல் கடுக்கன். சம்பந்திதான்!

பிள்ளை பக்கத்தில் நெருங்கிப் போய், இரண்டு கையையும் கூப்பி, உரக்கச் சொன்னார்.

“வாங்க சம்பந்தி! வாங்க, வாங்க!”

பார்வை என்னவோ எண்ணெய் தேய்க்கிற ஆள் மேல் இருந்தது. அவன் பதறிப்போய், “எனக்குப் பொண்ணே கிடையாது சாமி” என்றான்.

சிவசைலம் பிள்ளை எழுந்து உட்கார்ந்தார்.

“ஏன்வே, அன்னைக்கு ரயிலடியிலே மூஞ்சியைப் பாத்தீர், வாயைத் திறக்கலை. இன்னைக்கு வாயைத் திறக்குதீர், மூஞ்சியைத் திருப்புதீர். தென்காசியிலே இதுக்குப் பேருதான் மரியாதையோ?”

“சம்பந்தி, எனக்குக் கண்ணிலே ஒரு கோளாறு…”

“என்னது? கேக்கலை!”

“கண்ணிலே கோளாறு!”

“சத்தமாச் சொல்லும்வே!”

தனியாக அழைத்துப் போய்க் காதோடு காதாகச் சொல்ல நினைத்து வந்ததை, தில்லைநாயகம் பிள்ளை அருவியை மிஞ்சிக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நேரே பார்த்தால் முகம் அழிந்துவிடுகிறது, ஓரத்தில் பார்த்தால் தெரிகிறது, ஒரு வருஷமாக இப்படி இருக்கிறது, வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன், இதற்கு மருந்து கிடையாது, உங்களைப் பார்க்கத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். குளித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்கள். ஒருவர் “அடப் பாவமே” என்றார்.

சிவசைலம் பிள்ளை நம்பவில்லை.

“டப்பியை மட்டும் எடுக்கத் தெரிஞ்சுதோ?”

“டப்பி ஓரத்திலே விழுந்துது. நீங்க நடுவிலே நின்னிய.”

“நல்லாச் சோடிக்குதீர்வே!”

“சோடிக்கலை சம்பந்தி. போன வருசம் ஆடியிலே இதே கண்ணாலே தண்டவாளம் வளைஞ்சு கிடக்குன்னு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டச் சொல்லி, ஊரு சிரிச்சுது. நேரா இருக்கதெல்லாம் கோணலாத் தெரியும், அதுதான் இதுக்கு ஆரம்பம்னு டாக்டர் சொல்லுதாரு. கம்பி, தூணு, நிலை…”

பிள்ளை சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். தளவாய் சொன்ன மூன்று ஆசாரிகளும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தார்கள். பாறையைப் பார்த்தபடி சம்பந்தியின் முகத்தைக் கவனித்தார். அந்த அடர்ந்த புருவம் மெல்ல இறங்கியது.

சிவசைலம் பிள்ளை எண்ணெய் தேய்க்கிறவனைப் பார்த்து, “நீ அங்கன போ” என்றார். அவன் போனான்.

“நிலை கோணலாத் தெரியுமோ?”

“தெரியும்.”

“எந்தக் கண்ணிலே?”

“ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு, ஒண்ணொண்ணாப் பாக்கணும்.”

எதிரே துணி உலர்த்த ஒரு மூங்கில் நட்டிருந்தது. சிவசைலம் பிள்ளை வலக்கண்ணைப் பொத்தி அதைப் பார்த்தார். பிறகு இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். மறுபடி மாற்றிப் பார்த்தார். எண்ணெய்க் கையை அடிக்கடி கண்ணில் வைத்ததால் கண் எரிந்து தண்ணீர் வழிந்தது.

“வலக்கண்ணாலே பாத்தாத்தான் வளையுது” என்றார் கடைசியில். குரலில் சண்டை இல்லை. “ஆசாரி மேலே தப்பில்லை போலிருக்கே சம்பந்தி. மூணு பேரையும் கண்டபடி பேசிட்டேனே.”

“என்கிட்ட இருக்க கோளாறு உங்களுக்கு இப்பத்தான் ஆரம்பம். என் டாக்டர் ஐந்தருவிப் பாதையிலேதான் இருக்காரு. வண்டி நிக்குது, வாங்க.”

“குளிக்காம எப்படி? உடம்பெல்லாம் எண்ணெய்.”

“டாக்டரும் எண்ணெயோடதான் இருப்பாரு” என்றார் பிள்ளை.

இருவரும் சேர்ந்தே அருவிக்குள் போனார்கள். போகிற வழியில் பிள்ளை மடியிலிருந்த சுருட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். என்ன அது என்று சிவசைலம் பிள்ளை கேட்க, காரணத்தைச் சொன்னார். சிவசைலம் பிள்ளை பொடி டப்பி இருந்த துணி மூட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “பொடியும் புகையிலைதானே? கேப்போம், டாக்டரு என்ன சொல்லுதாருன்னு. அதுவரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

*

ஆவணி முகூர்த்தம் தள்ளிப் போகவில்லை. தென்காசியில், தில்லைநாயகம் பிள்ளை வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டார்கள்.

வாசலுக்கு யார் நிற்பது என்றுதான் முதலில் கொஞ்சம் பேச்சு வந்தது. முத்துவடிவின் தம்பியை நிறுத்தலாம் என்றார்கள். பிள்ளை ஒப்பவில்லை. “எம் மக கல்யாணத்துக்கு நான் நிக்காம யாரு நிப்பா? ஒரே ஒரு மாத்தம். வாரவுக முதல்ல பேரைச் சொல்லட்டும். நான் அதுக்கப்புறம் வாங்கன்னு கேக்கேன்.”

“காலங்காலமா இருக்க முறையை மாத்துதாரே” என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் குற்றாலத்தில் கத்தியது ஊர் முழுக்க எட்டியிருந்தது. மறைக்க ஒன்றும் பாக்கி இல்லாததால் பிள்ளைக்கு மனசு லேசாக இருந்தது. தெருமுனையில் வண்டியை நிறுத்திய தளவாய், இறங்குகிறவர்களிடம் எல்லாம், “வாசல்ல பேரைச் சொல்லிட்டு உள்ள போங்க. அண்ணாச்சி வேற பக்கம் பாத்தா கோவப்படாதிங்க, அப்பத்தான் உங்களைப் பாக்காருன்னு அர்த்தம்” என்று சொல்லி அனுப்பினார்.

அன்று அந்த வாசலில் எழுந்த கூச்சலைப் போல ஊர் கேட்டதில்லை. “கடயம் ரெங்கம்மாள் வந்திருக்கேன்!” “ஆழ்வார்குறிச்சிக்காரன் வந்தாச்சு, முட்டுவலி தேவலை!” வேடிக்கைக்கென்று ஒரு மைத்துனர், “கலெக்டர் துரை வந்திருக்கேன்” என்றார். பிள்ளை வாழைமரத்தைப் பார்த்தபடியே, “துரைக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துட்டே, வாங்க மச்சான்” என்று சந்தனக் கிண்ணத்தை நீட்ட, பந்தலே சிரித்தது.

நாகசுரச் சத்தத்தோடு மாப்பிள்ளை வீட்டார் தெருவுக்குள் வந்தார்கள். முன்னால் ஜரிகைத் தலைப்பாகையோடு வந்தவர் பந்தலுக்குப் பத்தடி முன்னாலேயே கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். எல்லாரும் திகைத்து நின்றார்கள்.

“செங்கோட்டை சிவசைலம் வந்திருக்கேன்!” என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். “குடும்பத்தோட வந்திருக்கேன், சம்பந்தி!”

தில்லைநாயகம் பிள்ளை ஊரறிய, உறவறிய, முகத்தை நன்றாக ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

“வாங்க” என்றார்.